கீழ்ப் பொத்தான் சாயங்காலம்

ஆம்பளைச் சட்டையைப் பொம்பளைக்கு ஏற்றபடி மாற்றித் தைப்பதுதான் என் தொழில். இதில் கெட்ட பேர் வாங்காமல் தப்பித்த தையல்காரி எங்கள் போடியில் கிடையாது. மிஷின் மிதித்து முழங்கால் போனவர்களும், ஊசியில் நூல் கோக்கக் கண்ணை இடுக்குகிறவர்களும் இதைப் படித்தால், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

ஜீப்புகள் புறப்படும் இடத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி, ஒரு மிஷின் போடும் அளவுக்கு இடம். அதுதான் என் கடை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடிந்ததும் அங்கேதான் கூடுவார்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மலையேறுவது இங்கே வழக்கம். குளிருக்கும் ஆச்சு, அட்டைக்கடிக்கும் ஆச்சு. அந்தச் சட்டையின் கையைக் குறைத்து, மணிக்கட்டில் இறுக்கி, உள்பக்கம் வெற்றிலைப் பொட்டலத்துக்கு ஒரு பை வைத்துக் கொடுப்பேன். இப்போது அந்தப் பைக்குள் செல்போன் இருக்கிறது.

என் இரண்டு பிள்ளைகளும் இந்த மிஷின் மிதித்த காசில்தான் படித்தார்கள். மகள் திருப்பூரில் இருக்கிறாள். மகன் செல்வம் சென்னையில். "வர்ற தையோட மிஷினை யாருக்காவது குடுத்துட்டு என்கூட வந்துரும்மா, கண்ணு வேற மங்கிப்போச்சு" என்று போன ஆடியில் சொன்னான். பிள்ளை சொல்வதில் தப்பில்லை. போகவா, இருக்கவா என்று தினமும் மிஷினுக்குக் குங்குமம் வைக்கும்போது மாரியாத்தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் எப்படிப் பதில் சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டம் போட்ட சட்டை

தொழிலுக்கு வந்த புதிது. அந்தத் தீபாவளிக்குப் போடியில் பாதி ஆம்பளைகள் ஒரே நீலக்கட்டத்தில்தான் சட்டை எடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் அவையெல்லாம் பழசாகி என்னிடம் வந்து சேர்ந்தன. ஈஸ்வரி கொண்டுவந்ததும் நீலக்கட்டம், பாப்பாத்தி கொண்டுவந்ததும் நீலக்கட்டம். ரெண்டு பேரும் ஒரே ஜீப்பு. அவசரத்தில் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஈஸ்வரியின் வீட்டுக்காரர் தன் சட்டையின் தோள்பட்டைக் கிழிசலைப் பின்னாலிருந்து பார்த்தே கண்டுகொள்வார். அன்று ஜீப்படிக்கு வந்தவர் நேராகப் போய், "ஏ கழுத, வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ" என்று தோளைத் தட்டினார். திரும்பியது பாப்பாத்தி. ஜீப்பு மொத்தமும் சிரித்த சிரிப்பு போடிமெட்டு வரைக்கும் ஓயவில்லையாம்.

மறுநாள் ஈஸ்வரியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "தப்பு என்மேலதான் தாயி, சட்டை வந்துருச்சா?" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "சட்டையக் குடுத்துட்டாக்கா. அந்த மனுஷனையும் வச்சுக்கடின்னேன், வேணாம்னுட்டா."

பாப்பாத்தி கேட்டது

டிரைவர் அழகருக்குப் பொறுமை கிடையாது. உடம்புக்கு ஏற்றபடி குறைக்க முன்பக்கப் பட்டியைப் பிரித்துத் தைத்து நான் பொத்தான் வைக்க ஆரம்பிக்கும்போதுதான் ஹாரன் அடிப்பார். "அக்கா, கல்யாணத்துக்கா தைக்கிறீக? வெரசா விடுங்க!" மேலேயிருந்து ஒவ்வொன்றாக வைத்து வருவேன், கடைசிப் பொத்தானுக்கு நேரம் இருக்காது. சட்டையைத் தூக்கி ஜீப்புக்குள் எறிந்துவிட்டு, "கீழ்ப் பொத்தான் சாயங்காலம்!" என்று கத்துவேன். பொத்தானை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். இறங்கி வரும்போது வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு மழைக்காலம். காலையில் பாப்பாத்தியின் சட்டைக்கு இப்படித்தான் ஒரு பொத்தான் நின்றுபோனது. சாயங்காலம் எல்லா ஜீப்பும் வந்தது, அழகர் ஜீப்பு மட்டும் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார்கள். டீக்கடைக்காரர் எதிரில் வைத்த டீ ஆடை கட்டிப்போனது. நான் அந்தப் பொத்தானை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, "ஆத்தா, ஏறுன கணக்குக்கு எறக்கி விட்டுரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

விளக்கு வைத்த பிறகு நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஜீப்பு வழுக்கித் தடுப்புச்சுவரில் முட்டி நின்றுவிட்டதாம். ஒருத்திக்கும் பெரிய காயமில்லை. எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதேன். பாப்பாத்தி மட்டும் சேறு சொட்டச் சொட்ட என் முன்னால் கையை நீட்டினாள்: "அழுதது போதும், எம் பொத்தானக் கொண்டாக்கா. அதுக்குத்தான உருளாம வந்தேன்."

தண்டவாளத்துக் கொடி

அன்றிலிருந்து எனக்கு நேரம் இருந்தாலும், புதுச்சட்டைக்குக் கீழ்ப் பொத்தானைக் காலையில் வைக்க ஒருத்தியும் விடமாட்டாள். சாயங்காலம் வந்து வாங்கினால்தான் திருப்தி. சரி, அது இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் மதுரை ரயில்பாதை. அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள், வருஷக்கணக்கில் வரவேயில்லை. பாதை நெடுக ஆடு மேய்ந்தது. பக்கத்து வீட்டில் வடகம் காயப்போட்டார்கள். மலையிலிருந்து வரும் சட்டையைச் சேறு போக அலசாமல் மிஷினில் வைக்க முடியாது, அதனால் நானும் பாதைக்குக் குறுக்கே ஒரு நீளக்கொடி கட்டினேன். பஸ்சில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். மதுரைக்கு ரயிலில் போய் மீனாட்சியைக் கும்பிட்டதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் என்ஜின் மட்டும் தனியாக, ஊதிக்கொண்டு மெதுவாக வந்தது. சோதனை ஓட்டம். தெருவே வடகத்தை அள்ளிக்கொண்டு ஓடியது. நான் சட்டைகளை உருவ ஓடினேன்; அவசரத்தில் ஒரு கையில் சட்டை, ஒரு கையால் என்ஜினுக்குக் கும்பிடு. பாதையோரம் பச்சைக்கொடியோடு நின்ற ரயில்வே ஊழியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "இத்தன வருஷம் நீங்க ஓட்டுனது போதும்மா, இனி நாங்க ஓட்டிக்கிறோம்."

சுனிதா

இப்போது எங்கள் பெண்களின் பிள்ளைகள் மலையேறுவதில்லை. காலேஜுக்குப் போகிறார்கள், தேனியில் கடையில் நிற்கிறார்கள். நல்லதுதான், அதற்குத்தானே அம்மாக்கள் அட்டைக்கடி வாங்கினார்கள். ஜீப்பில் காலியான இடத்துக்கு வடநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ரயிலில் ரெண்டு மூணு நாள் பிரயாணம் செய்து வருகிறார்களாம்.

அதில் சுனிதா என்று ஒருத்தி, தன் அண்ணன் சட்டையைக் கொண்டுவந்தாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. கை நீளத்தைக் கைஜாடையிலேயே பேசி முடித்தோம். எங்கள் ஊர் வழக்கம் அந்தப் பிள்ளைக்கு எதற்கு என்று எல்லாப் பொத்தானையும் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

வாங்கிப் போட்டவள் ஜீப்புப் பக்கம் பார்த்தாள். புதுச்சட்டை போட்டிருந்த இன்னொருத்திக்குக் கீழே பொத்தான் இல்லை. தன்னுடையதைக் குனிந்து பார்த்தாள். என்ன நினைத்தாளோ, நூலைப் பல்லால் கடித்துக் கீழ்ப் பொத்தானைப் பிய்த்து என் கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்: "சாயங்காலம், அம்மா."

தை பிறந்தது

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் செல்வம் வந்தான். அன்று ராத்திரி ரயிலுக்குச் சீட்டும் எடுத்திருந்தான். மிஷினை ஈஸ்வரியின் மருமகளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. காலையில் அவன் மிஷினுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்க, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "ஆத்தா, நீ ஒண்ணும் சொல்லவே இல்லையே" என்று மனசுக்குள் ஒரு சின்ன வருத்தம்.

புறப்பட்ட ஜீப்பு கடை முன்னால் வந்து நின்றது. முதலில் பாப்பாத்தி இறங்கினாள். அவளுக்கும் இப்போது முடி நரைத்துவிட்டது. தன் சட்டையின் கீழ்ப் பொத்தானை என் கத்தரியால் நறுக்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாள். அவளுக்குப் பின்னால் ஈஸ்வரி. அப்புறம் சுனிதா. ஒவ்வொருத்தியாக ஜீப்பு மொத்தமும். அழகர் அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை. "தம்பி, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறோம். அதுவரைக்கும் அம்மாவக் கூட்டிட்டுப் போயிராதீக" என்று செல்வத்திடம் சொல்லிவிட்டுப் பாப்பாத்தி ஏறிப் போனாள்.

"என்னம்மா இதெல்லாம்?" என்றான். உட்காரவைத்துச் சொன்னேன். அவனும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான், ஆனால் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவனுக்கு இது எங்கே தெரியும்? டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் எல்லாரும் இறங்கி வந்தார்கள், ஏறின கணக்குக்கு ஒருத்திகூடக் குறையாமல். நான் வரிசையாகப் பொத்தான் வைத்தேன். எனக்கு ஊசிக்காது தெரியவில்லை. செல்வம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் நூல் கோத்துக் கொடுத்தான். கடைசிப் பொத்தானை வைத்து முடித்ததும் எழுந்துபோய் மிஷின் கயிற்றை அவிழ்த்தான்: "கண்ணாடி மட்டும் மாத்திக்கம்மா. சீட்ட நான் ரத்து பண்ணிர்றேன்."

ஆகக்கூடி, ஆத்தா சொன்ன பதில் இதுதான்: இத்தனை வருஷம் நான் தைத்ததெல்லாம் கிழிந்துபோக, என்னை இந்த ஊரோடு சேர்த்துத் தைத்து வைத்திருப்பது நான் தைக்காமல் விட்ட பொத்தான்கள்தான்.