புஷ்பவதி அக்காவின் தவணைகள்

சம்பள நாளில் புஷ்பவதி அக்கா காலைத் தேநீரைத் தொடமாட்டார். முதலில் வங்கி. குடையை விரித்துக்கொண்டு திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து இறங்குவார். சோதனைச் சாவடியில் கைப்பையைத் திறந்து காட்டுவார். ஓட்டோக்காரர் கூப்பிட்டாலும் நடைதான்.

"காசு கையில சூடாகிறதுக்கு முதல் குடுத்திடோணும், தம்பி. பிறகு மனம் வராது" என்பார், பக்கத்து மேசைக்காரனான என்னிடம்.

ஐம்பதை நெருங்கும் தட்டெழுத்தாளர், தனியாள். வங்கிப் பொடியன் ஒருவன் அலுவலகத்துக்கு வந்து எல்லோருக்கும் கடன் அட்டைக்கு விண்ணப்பம் எழுதியபோது, "பாவம், வெயிலுக்க வந்திருக்கிறான்" என்று அவரும் கையெழுத்து வைத்தார். வந்த அட்டை அலுமாரியிலேயே கிடந்தது.

2006 ஆவணியில் மூதூரில் சண்டை மூண்டது. எங்களோடு வேலை செய்த றஹ்மா குடும்பத்தோடு கந்தளாய்க்கு ஓடினாள். அவளைத் தேடிப் போன அக்கா, முகாமில் வெறும் நிலத்தில் கிடந்த பிள்ளைகளைக் கண்டார். மறுநாளே திருகோணமலைக் கடைகளில் அட்டையை நீட்டத் தொடங்கினார். பால்மா, பாய், உடுப்பு, மருந்து. இதற்குமேல் அட்டை ஏற்காது என்று கடைக்காரர் சொல்லும்வரை நீட்டினார்.

பிறகு கடன் வந்தது. வங்கி கேட்ட ஆகக் குறைந்த தொகையைச் சில மாதம் கட்டிப் பார்த்தார். முதல் அசையவேயில்லை, போனதெல்லாம் வட்டிக்கே போனது.

"வேற வங்கியில ஒரு காட் எடுத்து இதை அடையுங்கோ" என்றார் எங்கள் அலுவலக யோகலிங்கம்.

"வள்ளத்தில ஓட்டையை அடைக்க, அதே வள்ளத்தில இன்னொரு பலகையைக் கழட்டுறதோ?"

அட்டையைத் தையல் கத்தரியால் இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை இப்போதும் துணி மடிப்பு அழுத்த வைத்திருக்கிறார். அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து வங்கிக்குப் பாதியைக் கட்டினார். மீதியைத் தவணையாக்கித் தரச்சொல்லி, முகாமையாளர் ஏலாது என்றபோதும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, சம்மதிக்க வைத்தார். மாலையில் பள்ளிச் சீருடை தைக்கிறார். ஷெல் சத்தம் கேட்டால் தையல் மெஷினைக் கட்டிலடிக்குத் தள்ளிவிட்டுத்தான் தானும் குனிவாராம். மீன் வாங்குவதை விட்டார், பஸ்ஸை விட்டார். ஒரு தவணையைக்கூட விடவில்லை. காய்ச்சலோடு குடை பிடித்து இறங்கியதை நானே பார்த்தேன்.

ஒருநாள் கேட்டேன்: "என்னத்துக்குப் பட்ட கடனெண்டு வங்கியில சொல்லியிருக்கலாமே அக்கா? வட்டியைக் குறைச்சிருப்பினம்."

தட்டச்சு நின்றது. "சொன்னா அது அந்தச் சனத்தின்ர கடனாப் போயிடும். இது நான் பட்டது, தம்பி."



இன்னும் சில தவணைகள் இருக்கின்றன. மூதூருக்குத் திரும்பிவிட்ட றஹ்மா, போன கிழமை லோஞ்சுப் படகில் வந்து இறங்கியதும் நேரே அக்காவின் மேசைக்கு வந்தாள். கைக்குள் சுருட்டிய நோட்டுகள்.

"உம்மா கோழி வித்துச் சேர்த்தவ. இதையாவது எடுங்கோ, அக்கா. எங்களால நீங்க..."

அக்கா அவளை முடிக்க விடவில்லை. நீட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நோட்டின்மேல் மடித்து, அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். றஹ்மா அழுது முடித்தாள். மேசையில் தேநீர் ஆடை கட்டியது. அக்கா பிடியைத் தளர்த்தவேயில்லை.