தாம்பூலப் பையில் என் நாவல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குக்கரில் மூன்றாவது விசில் வரும்போது போன் அடித்தது. எத்திராஜ் சார்.

எங்கள் ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறவர். என்னுடைய ‘ஆறே கால் பஸ்’ நாவலைப் படித்துவிட்டு, வாரம் தவறாமல் போன் செய்து, “அவங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சிடுங்க மேடம்” என்று கெஞ்சுகிற வாசகர். (எத்திராஜ் என்பது உண்மைப் பெயர் இல்லை. இந்த வாரம் இந்தப் பத்தியில் வருகிற யாருடைய பெயருமே உண்மைப் பெயர் இல்லை. ஏன் என்று போகப் போகப் புரியும்.)

அன்றைக்கு அவர் குரலில் ஒரே உற்சாகம். மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறாராம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு என் நாவலையும் வைத்துக் கொடுக்கப் போகிறாராம். இருநூறு பிரதி வேண்டும்... ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து வேண்டும்.

இருநூறு பிரதி! தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று. அன்று சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது.

நாவலைப் படிக்காதவர்களுக்காக நாலு வரி. வெண்ணிலா இந்தக் காலத்துப் பெண். ஆரணியில் மாலை ஆறே கால் பஸ் ஏறுகிறாள். போளூரில் இறங்கினால்... நாற்பது வருடம் பின்னால் போயிருக்கிறாள். அங்கே சந்தைக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு வந்த தரணேந்திரனைப் பார்க்கிறாள். திருமலைப் பக்கத்து நயினார் வீட்டுப் பையன் — அதாவது தமிழ்ச் சமணக் குடும்பம். காதல் வருகிறது. கடைசியில் அவள் மட்டும் பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவே! ஆறே காலுக்குப் போளூர் பஸ்ஸே கிடையாது என்று பஸ் ஸ்டாண்ட் போர்டை போட்டோ எடுத்து அனுப்பியவர்கள் உண்டு. வெண்ணிலாவின் செல்போனில் நாலு நாள் எப்படி சார்ஜ் நின்றது என்று குறுக்கு விசாரணை செய்தவர்கள் உண்டு. மற்றபடி எல்லாருக்கும் ஒரே பெருமூச்சு. அந்தக் காலத்துக் காதலில் எத்தனை கண்ணியம்... எத்தனை தூய்மை... இப்போது எங்கே இருக்கிறது அதெல்லாம்?

கூடவே எல்லோரும் கேட்டது — இரண்டாம் பாகம். இரண்டு பேரையும் சேர்த்து வையுங்கள்.

ஒரே ஒரு எதிர்வினை மட்டும் என்னைக் கூனிக்குறுக வைத்தது. கதை தொடராக வந்தபோது, தரணேந்திரனை ராத்திரி எட்டு மணிக்குப் போளூர் ஹோட்டலில் உட்கார வைத்து, தோசை சாப்பிட வைத்திருந்தேன். மறுவாரமே திருமலைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். “பொழுது சாஞ்சா நாங்க சாப்பிட மாட்டோமே மேடம். எங்க வூட்டுப் புள்ளய இப்படிப் பண்ணிட்டீங்களே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே நயினார் வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அப்படியிருந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

புத்தகமாகப் போடும்போது தோசையை அடித்துவிட்டேன். அதோடு விட்டேனா? பிராயச்சித்தமாகப் பத்தொன்பதாம் அத்தியாயத்தையே புதிதாக எழுதிச் சேர்த்தேன். அதில் வெண்ணிலாவும் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள். அவன் கேட்கவில்லை. அவன் சாப்பிடாத நேரத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். உங்களில் நிறையப் பேர் அழுதது அந்த அத்தியாயத்துக்குத்தான்.

சரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன்.

வாசலில் நித்யா நின்றாள். எத்திராஜ் சாரின் மகள். இருபத்தாறு வயது. அப்பாவின் கடைச் சேலைகளை வெளிச்சம் பார்த்து விரித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் வெளியூருக்கெல்லாம் விற்கிற கெட்டிக்காரி. கல்யாணக் களை இருக்கும் என்று பார்த்தால், முகம் வாடிக் கிடந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“உங்க புக்குதான் ஆன்ட்டி என்னக் காட்டிக் குடுத்துச்சி” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

பையன் பெயர் நேமி. தெள்ளார் பக்கம் கிராமம், நயினார் குடும்பம், இன்ஜினியர். தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவன். இரண்டு வருடப் பழக்கம். ஆறு மாதமாக நித்யா பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. வீட்டில் டயட் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண் டயட்டில் இல்லை? யாரும் கவனிக்கவில்லை.

என் நாவல் அந்த வீட்டுக்குள் போகும் வரைக்கும்.

எத்திராஜ் சார் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்திருக்கிறார். எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகள் மட்டும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறாள். அவர் அந்த டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “பையன் எந்த ஊரு?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. மறுநாள் காலையில் செல்போன் பறிபோனது. அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை வந்தார். அதற்கடுத்து — இருநூறு தாம்பூலப் பை.

“நேமி என்னச் சாப்டாதன்னு சொல்லவே இல்ல ஆன்ட்டி. நீங்க எழுதினீங்களே, அதே மாதிரிதான். எப்டி எழுதினீங்க?” என்று கேட்டாள். ஒரு தோசையைத் திருத்தப் போய் ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அவள் போன பிறகு என் போனை எடுத்துப் பார்த்தேன். செல்போனைப் பறித்துக்கொண்டார்கள் என்று அவள் சொன்ன தேதிக்கு அடுத்த நாள்... எத்திராஜ் சார் என்னோடு பதினோரு நிமிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வெண்ணிலா பாவம், அவளைத் தரணேந்திரனோடு சேர்த்து வையுங்கள் என்றுதான்!

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார். எப்படி ஐயா ஒரே மனுஷன், ஒரே வாயால், இரண்டையும் சொல்ல முடிகிறது?

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். ஜல்தியாகக் காபி கொண்டு வரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் துணியில் பட்டுக் கரை வைத்துத் தைத்த மாதிரிப் பை. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஓரமாக என் நாவல். “அளவு சொல்லித் தெச்சோம் மேடம். தேங்காக்குப் பக்கத்துல கரெக்டா உக்காந்துகினு இருக்குது பாருங்க” என்றார்.

நான் கையை விட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தேன். என் மடியில் வைத்துக்கொண்டேன். நித்யா என்னிடம் வந்தாள், எல்லாம் தெரியும் என்றேன். வெண்ணிலாவுக்கு ஒரு நியாயம், நித்யாவுக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். மரியாதையாக ஆரம்பித்ததாகத்தான் நினைவு. கடைசியில் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மகளைக் கைகழுவிவிட்ட அப்பா மாதிரியும் அவர் இல்லை. ரொம்ப நிதானமாக, சேலைக்கு விலை சொல்கிற குரலில் பேசினார்.

“அது கதைங்க மேடம். இங்க தெருவு இருக்குது, சொந்தம் இருக்குது, இவளுக்குப் பின்னாடி ஒரு தம்பி இருக்கான். உங்க கதையில அப்பான்னு ஒருத்தரும் இல்ல. அதான் படிக்க நல்லா இருந்துச்சி.”

சுரீர் என்றது.

உண்மைதானே? தரணேந்திரனின் அப்பாவை நான் முதல் அத்தியாயத்திலேயே யாத்திரைக்கு அனுப்பிவிட்டேன். அவர் கடைசி வரை திரும்பி வரவே இல்லை. வெண்ணிலாவின் அப்பா இன்னும் நாற்பது வருடம் தள்ளி, நிகழ்காலத்தில், பத்திரமாக இருக்கிறார். இல்லாத பஸ்ஸைக் கண்டுபிடித்த உங்களில் ஒருவர்கூட இல்லாத அப்பாவைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. அப்பா வந்துவிட்டால் நாவல் அத்தியாயம் மூன்றிலேயே முடிந்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தைய போளூரிலும் செல்போனுக்குப் பதிலாகச் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வைத்திருப்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். கண்ணியம், தூய்மை என்று நீங்கள் பெருமூச்சு விட்டபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆகவே கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை.

நமக்கெல்லாம் காதல் பிடிக்கும்... ஆனால் அது நன்றாக ஆறிப் போயிருக்க வேண்டும். ஆள் யார், எந்த ஊர், என்ன குடும்பம் என்று கேட்கத் தேவையில்லாத தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணீர் வரும். அதே காதல் நம் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தால், செல்போனைப் பிடுங்குவோம்.

புத்தகத்தோடு எழுந்தேன். என் நாவல் இந்தப் பையில் போகாது, பதிப்பகத்திலும் சொல்லிவிடுவேன் என்றேன். “பரவால்ல மேடம், சில்வர் டப்பா வச்சிக்கிறோம்” என்றார். என் இலக்கிய வாழ்க்கைக்கு மாற்று — சில்வர் டப்பா!

வெளியே வரும்போது சமையல்கட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். உள்ளே நித்யா கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி ஐந்தே முக்கால். அவள் அம்மா பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ராத்திரிச் சமையல் ஏழு மணிக்கு மேல்தான் என்று எனக்குத் தெரியும். இவளுக்காக மட்டும் முன்னாலேயே அடுப்பு பற்றியிருக்கிறது. அந்தம்மா என்னைப் பார்த்தார். “வெளிச்சம் போறதுக்குள்ள சாப்டு” என்று மகளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நித்யா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ஆறே கால் பஸ்ஸெல்லாம் இல்லை. பகல் பதினொன்றரை மணிக்கு, தெருவில் எல்லோரும் பார்க்க, ஷேர் ஆட்டோவில் போனாள். கோயிலில் மாலை மாற்றினார்கள். பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போனோம். ஆமாம், ‘போனோம்’தான். என்னிடம் இருநூறு கையெழுத்து கேட்டார்கள். நான் போட்டது ஒன்று. சாட்சி என்று அச்சடித்திருந்த இடத்தில் போட்டேன். நாவல் எழுதி நான் செய்த தப்புக்கு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேமியின் அம்மாவுக்கும் முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் அன்று மாலை ஐந்தரைக்கு மருமகளுக்கு இலை போட்டுவிட்டாராம். நித்யாதான் போனில் சொன்னாள். ‘இப்ப எழுதிக்குங்க ஆன்ட்டி’ என்று அனுமதி கொடுத்ததும் அவள்தான்.

அன்றைக்கே எத்திராஜ் சாரும் போன் செய்தார். இந்த முறை நன்றாகவே கத்தினார். வீட்டுக்குள் விட்டது தப்பு என்றார். புத்தகத்தைத் தொட்டதே பேஜார் என்றார். ரெண்டாம் பாகம் ஏதாவது எழுதினால் நடக்கிறதே வேறு என்றார். நான் குறுக்கே பேசவில்லை. ஒரு அப்பா கத்துவதற்கு என் நாவலில் நான் இடமே வைக்கவில்லை. இங்கேயாவது கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தம் ஓய்ந்தது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“அவங்க வூட்ல பொழுது போனா அடுப்பே பத்த வக்க மாட்டாங்களாமே மேடம்... இவ சின்னதுலருந்தே பசி தாங்க மாட்டா” என்றார்.

என் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பொய் சொல்வானேன்? ஆனாலும் விடவில்லை.

“ஆறு மாசமா உங்க வூட்லயே தாங்கிகினுதான சார் இருந்தா?” என்றேன்.