சோளக்காட்டில் கடெவேரே

எங்கள் மலாவியில் ஊருக்கும் ஊர்த்தலைவருக்கும் ஒரே பெயர்தான். தாய்மாமன் இறந்து பட்டம் எலினெட்டியின் தலையில் வந்து விழுந்த நாளிலிருந்து அவளும் கடெவேரே, ஊரும் கடெவேரே. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரில் யார் தப்புச் செய்தாலும் அவள் பெயர் அடிபடும். அவள் தப்புச் செய்தாலோ ஊர் முழுவதும் தலைகுனிய வேண்டும்.

பட்டம் வந்த முதல் வருஷம் வயிற்றுப்போக்கில் நான்கு குழந்தைகள் போய்விட்டன. நான்கையும் புதைத்த இடத்தில் நின்றவள், மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்கினாள். அறுபத்திரண்டு வீட்டிலும் கக்கூஸ் குழி தோண்ட வைத்தாள். இரண்டே வருஷத்தில், இந்த ஊரில் யாரும் வெளிக்குப் போவதில்லை என்று சொல்லும் நீலப் பலகை சாலை முக்கில் ஏறியது. பலகை ஏறினால் வேலை முடிந்தது என்று மற்ற ஊர்த்தலைவர்கள் கால் நீட்டிப் படுத்தார்கள். இவளுக்கு அந்தப் புத்தி கிடையாது. சனிக்கிழமை தோறும் ஒரு குச்சியோடு கிளம்பிவிடுவாள். குழிக்கு மூடி இருக்கிறதா, கைகழுவத் தொங்கவிட்ட பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள். இல்லையென்றால் ஒரு கோழி அபராதம். ஊரில் அவளுக்குப் பருந்து என்று பட்டப்பெயர். அவளுக்கும் அது தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட.

பிஸிவிக்கி என்பவர் பாட்டில் காலியாக இருந்ததற்காக இரண்டு முறை கோழி கொடுத்தவர். அதிலிருந்து எலினெட்டியைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார், வாயைத் திறக்க மாட்டார்.

எங்கள் மண் வெறும் மணல். மழைக்காலத்தில் குழிகள் சரியும், ஏப்ரல் வரை புதிதாகத் தோண்டவும் முடியாது. அதற்கும் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். குழி விழுந்தவர்கள் மழை விடும்வரை பக்கத்து வீட்டுக் குழிக்குப் போக வேண்டும். அதைச் சொன்னபோது தன் பக்கத்து வீடு யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் அவளுடைய குழியே கூரையோடு உள்ளே போய்விட்டது. பக்கத்து வீடு மகள் ஃபலேசியுடையது. பெண் வீட்டோடு வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை லமேக்கி அங்கே இருந்தான். எங்கள் வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது, அவன் எதிரே உட்கார்ந்து ந்சீமா களி தின்னக்கூடாது. அப்படிப்பட்டவர்கள் ஒரே குழிக்குப் போவதா? நினைத்தாலே உடம்பு கூசியது.

"அம்மா, எங்க கக்கூஸுக்கே வாங்களேன். அவருதான் விடியுறதுக்குள்ள கூலிக்குப் போயிடுறாரே" என்றாள் ஃபலேசி.

"மாப்பிள்ளை உக்காந்த எடத்துல நான் போயி உக்காரவா? வாயக் கழுவுடி."

"நீங்க போட்ட சட்டம்தானேம்மா."

"சட்டம் ஊருக்குடி."

"அப்ப எங்கதான் போவீங்க?"

"பிஸிவிக்கி வீட்டுக்குப் போறேன். போதுமா?"

போகவில்லை. கோழி பிடுங்கிய வீட்டில் போய் இதற்கு நிற்பதா என்று இருந்தது அவளுக்கு. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த மாதம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விடிகாலையில் தன் சோளக்காட்டுக்குள் நுழைந்தாள். மண்ணைத் தோண்டி, பிறகு நன்றாக மூடினாள். மூடிவிட்டால் தப்பில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதையே வேறு ஒருத்தி சொல்லியிருந்தால் இரண்டு கோழி வாங்கியிருப்பாள்.

மூன்றாம் நாள் வெளியே வரும்போது எதிரே பிஸிவிக்கி நின்றார். தொப்பியைத் தூக்கியவர் அன்று வாயையும் திறந்தார்.

"என்ன தலைவியம்மா, களையெடுப்பா?"

"ஆமாப்பா."

"எங்க காட்டுலயா?"

சோளம் மறைத்ததில் வரப்பு தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. பிஸிவிக்கி மண்வெட்டியைப் பார்த்தார். புதிதாகக் குவிந்த மண்ணைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு. வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று கொட்டிய மழை எல்லாவற்றையும் கிளறிக் காட்டிவிட்டது. சனிக்கிழமை மாமரத்தடியில் ஊர் கூடியபோது, சுகாதாரக் குழுவின் நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கும் ஸெலிஃபா எழுந்தாள்.

"பிஸிவிக்கி காட்டுல மூணு எடத்துல கெடக்குது. வியாழக்கெழமை மாவட்ட ஆபீசர் மறுபடியும் பாக்க வராரு."

"ரெண்டு கோழி குடுத்தும் இந்த மனுசனுக்குப் புத்தி வரலையே" என்றது ஒரு குரல். "பலகை போனா இவரு தோள்ல தூக்கிட்டு நிக்கட்டும்" என்றது இன்னொன்று. பிஸிவிக்கி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு முறை எலினெட்டியைப் பார்த்தார்.

ஒரு கோழி என்று சொன்னால் போதும், அவர் கொடுத்துவிடுவார். பலகையும் பிழைக்கும், பட்டமும் பிழைக்கும். அவர் உண்மையைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? யாருமே நம்பமாட்டார்கள் என்று தெரிந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

எழுந்து நின்றாள். "ஃபலேசி, உன் வீட்டுக்காரரக் கொஞ்சம் எட்டப் போயி நிக்கச் சொல்லு."

பத்தடியில் நின்ற லமேக்கிக்கு அது காதில் விழுந்தது. இருந்தாலும் ஃபலேசி அவனிடம் போய் அதையே ஒரு முறை சொன்னாள். அவன் மாமரத்துக்குப் பின்னால் போனான்.

"அது நான்தான்" என்றாள் எலினெட்டி. "என் குழி விழுந்துருச்சு. மாப்பிள்ளை போற எடத்துக்குப் போகக் கூசுச்சு. இவரு வீட்டு வாசல்ல போயி நிக்க ரோசம் விடல. எழுது ஸெலிஃபா, கடெவேரேக்கு ஒரு கோழி."

ஸெலிஃபா எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அப்ப என் பேரையும் எழுதணும். என் குழி போயி பத்து நாளாச்சு. எனக்கும் பக்கத்துல மாப்பிள்ளை வீடுதான்."

பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு ஒருத்தி கையைத் தூக்கினாள், பிறகு இன்னொருத்தி. கடைசியில் ஐந்து மாமியார்கள், ஐந்து கோழிகள். மரத்துக்குப் பின்னால் லமேக்கியோடு இன்னும் நான்கு மாப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

சட்டம் அங்கேயே மாறியது. குழி விழுந்த மாமியார்கள் தங்கள் மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குப் போகலாம். மழை விட்டதும் அவர்கள் குழிக்குத்தான் முதலில் செங்கல் சுற்றுச்சுவர், கட்டவேண்டியது மாப்பிள்ளைகள். மரத்துக்குப் பின்னாலிருந்து சரி என்று குரல் வந்தது.

பிஸிவிக்கி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்குப் பொண்ணு கெடையாது, அதனால மாப்பிள்ளையும் கெடையாது. தலைவியம்மா எங்க கக்கூஸுக்கு வரலாம்."

வியாழக்கிழமை வந்த அதிகாரியிடம் எலினெட்டி எதையும் மறைக்கவில்லை. பலகை இறங்கியது. அறுவடைக்குப் பிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். பலகையைத் தலையில் சுமந்து வந்து தன் வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தபோது அவள் அழுதாள்.

தினமும் போல, சனிக்கிழமை காலையிலும் எல்லோரும் பார்க்க ஊரைக் குறுக்கே கடந்து பிஸிவிக்கி வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே குச்சியோடு நின்றவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். அப்போது வெளியே பாட்டிலைக் குச்சியால் தட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சனிக்கெழமை ஆச்சே, யாராவது பாக்கணுமில்ல. தண்ணி பாதிதான் இருக்கு, தலைவியம்மா" என்றார் பிஸிவிக்கி.

"நெறச்சு வச்சுட்டுத்தான்பா போவேன்" என்றாள் எலினெட்டி உள்ளேயிருந்து.