குரு யார் என்ற கட்டம்

பாரிசில், லா சப்பலில் எங்கள் கலை மன்றத்தின் மேடையில் ஏற வேண்டுமானால் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். குரு யார், அரங்கேற்றம் எங்கே, கிடைத்த பட்டங்கள் எத்தனை. மன்னாரில் கூத்துப் பழக்கும் இடங்களில் போய் நின்று, பார்த்துப் பார்த்தே மத்தளம் அடிக்கப் பழகியவன் நான். எனக்கு ஏது குரு, ஏது அரங்கேற்றம்? அந்த மேடையில் ஒரே ஒரு தடவை அடித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. கட்டங்களை வெறுமையாக விட்டு மூன்று வருசம் படிவம் கொடுத்தேன். மூன்று வருசமும் மன்றத் தலைவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிறகு பார்ப்போம் என்றார்.

ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருசம் இருக்கும். ஸ்கொட்லாந்திலிருந்து நாட்டார் இசைக் குழு ஒன்று பாரிசுக்கு வந்திருந்தது. நாலு பேர். எங்கள் ஆண்டு விழாவிலும் வாசிக்க ஒத்துக்கொண்டார்கள். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் அவர்களை அறிமுகம் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. விழாவுக்கு முந்திய கிழமை, அதே படிவத்தில் நாலைத் தூக்கிக்கொண்டு போய் ரூ பஜோல் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவர்களைச் சந்தித்தேன்.

வயலின்காரி, தாய் குசினியில் சமைத்தபடி பாடுவதைக் கேட்டுப் பழகியவள். இன்றைக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதாம். தோல் பையை அக்குளில் இடுக்கி ஊதுகிறவர் பஸ் சாரதி. பக்கத்தில் நின்றவர்களின் விரல்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டாராம். புல்லாங்குழல்காரர் ஒரே இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டவர். பாட்டுக்காரி மட்டும் இரண்டு வருசம் இசைக் கல்லூரியில் படித்திருந்தாள். அங்கே படித்ததை மறக்கத்தான் பிறகு பாடுபட்டேன் என்று சிரித்தாள். குரு யார் என்று கேட்டதற்கு நாலு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இவர்களுடைய கட்டமும் வெறுமை. இவர்களை ஏற்றிவிட்டு என்னை மட்டும் தலைவர் எந்த முகத்தோடு மறிப்பார்?

விழா அன்று நான் குடியிருக்கும் ஓல்னே-சூ-புவாவிலிருந்து மத்தளத்தோடு ரயில் ஏறினேன். தலைவர் நாலு படிவங்களையும் வாசித்துத் தலையாட்டினார்.

"கேள்வி ஞானம் எண்டு சொல்லுங்கோ தம்பி. அது அவையின்ரை பாரம்பரியம்."

"அண்ணை, நானும் அப்பிடித்தானே பழகினனான்?"

"உங்கடை கதை வேறை. அந்தப் பொன்னாடைத் தட்டை ஒருக்கா எடுத்து வாங்கோ."

சொன்ன உடனே போய்த் தட்டை எடுத்து வந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. மத்தளத்தை உறையோடு கதிரைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாலு பேரைப் பற்றியும் நானே ஒலிவாங்கியில் வாசித்தேன். கேள்வி ஞானம் என்ற இடத்தில் சனம் கைதட்டியது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். அவர்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள், குறை சொல்ல முடியாது. என் கால் தன்பாட்டில் தாளம் போட்டது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முடிந்ததும் வயலின்காரி அந்த உறையைக் கண்டுவிட்டாள். இது உன்னுடையதா, யாரிடம் பழகினாய் என்று ஆசையோடு கேட்டாள். தலைவர் பக்கத்தில் நின்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது, யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதைக் கவனமாகத் தூக்கி, சொந்தக்காரன் வந்தால் கண்ணில் படட்டும் என்று மேடை நடுவில் வைத்துவிட்டுப் போனாள். மண்டபத்தில் கடைசி ஆள் போகும்வரை கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் மேடையில் ஏறி அதை எடுத்தேன்.