கால்வாயில் காலும் வாயும்

பொதுமக்கள் கவனத்துக்கு: இன்று முட்டுக்காட்டுக் கால்வாயில் எங்கள் படகு கவிழவில்லை.

படகு கிளம்பினதுமே தாத்தா எனக்கும் ஆறு வயசு தங்கச்சி சஃபியாவுக்கும் பாடம் ஆரம்பிச்சார். "வாழ்க்கையும் படகுதான்டா. அடங்கி உக்காந்தாதான் கரை சேரலாம்."

"கால்வாய்னா காலும் வாயும்தானே தாத்தா? உங்க வாய் ஓடுது, என் கால் ஆடட்டும்"னு எழுந்து நின்னு படகை ஆட்டினேன்.

படகு சட்டுனு ஒருபக்கமா சாய்ஞ்சுது. தண்ணி உள்ள வந்துது. தாத்தா பாடத்தை வுட்டுட்டு படகு விளிம்பைப் பிடிச்சுகினார்.

"குந்துடா! கவுந்துக்கும்!"னு படகுக்காரர் கத்தினார்.

உக்காந்தேன், ஆனா அசரல. சஃபியா கையைப் பிடிச்சுகினு, "பயப்படாத, அண்ணன் இருக்கேன்"னு தைரியம் சொன்னேன்.

கரையேறி பார்க்கிங் வந்ததும் அவ சொன்னா: "அண்ணே, இப்பவாவது கைய வுடு. வலிக்குது."

ஆமாங்க, பயத்துல இறுக்கிப் பிடிச்சுகினு இருந்தது நான்தான். இதுக்கு என்ன பாடம்னு தாத்தா இன்னும் யோசிச்சுகினு இருக்கார். தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.