குழிக்குள் இறங்கிய வெள்ளைக் கோடு

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அபராதம் போட்டார்கள். என்ன குற்றம் என்கிறீர்களா? சிக்னலில் திரும்பும்போது வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டேனாம்!

புனேயில் வருஷக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இங்கே கோடு என்று ஒன்று உண்டென்பதே இப்போதுதான் தெரிந்தது. சிஞ்ச்வட்டில் அந்தச் சந்திப்பில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ரோட்டுக் குழியை மூட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. கோடு குழிக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, ஜம்மென்று போகிறது.

பின்சீட்டில் என் மகள் வித்யா. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு. பத்து மணிக்கு சென்டர் கேட்டை மூடிவிடுவார்கள். மூடினால் ஒரு வருஷம் போச்சு! தாபோடியிலிருந்து சீக்கிரம் கிளம்பியும் வழியெல்லாம் டிராஃபிக். கால் மணி நேரம்தான் பாக்கி.

இடதுபக்கம் திரும்புகிற லேனில் ஒரு பஸ் நட்டநடுவே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய? இண்டிகேட்டர் போட்டு, கையும் காட்டி, கோட்டைத் தாண்டி பஸ்ஸைச் சுற்றித் திரும்பினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பட்டாளமே அப்படித்தான் திரும்பியது.

விசில்! மரத்தடியிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். விசில் கேட்டால் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான்... ஓரங்கட்டினேன்.

"லைசன்ஸ் எடுங்க மேடம். லைனைத் தாண்டினீங்க" என்றார் மராட்டியில்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் பொரிந்தேன். "அந்த பஸ்ஸைப் பாருங்க சாஹேப்! அதுக்கு ஃபைன் கிடையாதா?"

"பஸ் லைனைத் தாண்டலையே."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "இத்தனை பேர் தாண்டறாங்க. நான் ஒருத்திதான் கண்ணுல பட்டேனா?"

மனுஷருக்குக் கோபமே வரவில்லை. "எல்லாருக்கும்தான் விசில் அடிச்சேன். நின்னது நீங்க மட்டும்தானே?"

அடப்பாவி! இதுதான் சட்டமா? நிற்காதவன் தப்பித்தான், நின்றவள் மாட்டினாள்!

வித்யா அழவே ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, ஜல்தி கரோ... கேட் பந்த் ஆயிடும்!"

அவள் கையில் ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் பதறிவிட்டார் போலீஸ்காரர். "பரீட்சையா? முதல்லயே சொல்லக்கூடாதா?" உடனே என்னை விட்டுவிட்டார் என்றா நினைத்தீர்கள்? அதுதான் இல்லை! நடுரோட்டில் போய் நின்றார். முகம் முழுக்க துப்பட்டா சுற்றிக்கொண்டு, அதே கோட்டைத் தாண்டி வந்த ஒரு ஸ்கூட்டிப் பெண்ணை மறித்தார். வித்யாவை அவள் பின்னால் ஏற்றி, "ஓட்டும்மா, சீக்கிரம்!" என்று அனுப்பினார். அடுத்த சிக்னல் சிவப்பு. அந்தப் பெண் பறந்தாள். அவரோ திருப்தியாகப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் ரசீதை எழுதினார்.

சாயங்காலம் வித்யா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டைமுக்குப் போயிட்டேம்மா! அந்த ஸ்கூட்டி தீதி, அடுத்த சிக்னல்ல போலீஸ் விசில் அடிச்சும் நிக்கவே இல்ல. நீயும் இனிமே நிக்காதே, ஓகே?"

கோடு போட்ட புண்ணியவான்களே, என் பெண் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்... திருப்திதானே?