அருவிக்குள் கேட்ட சித்தியின் குரல்

எங்கள் வீட்டில் நோய்க்கு ஒரு முடிவுநாள் உண்டு. காய்ச்சலோ அம்மையோ, எது வந்து போனாலும் ஆளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையை நனைத்துவிடுவார்கள். தலை நனைத்துத் திரும்பியவர் அதற்கப்புறம் படுத்தால் அது நோயில்லை, சோம்பேறித்தனம். தென்காசியில் குடியிருந்து, மூன்று மைலில் அருவியும் இருந்ததால் வந்த வினை இது.

எனக்கு எட்டு வயதானபோது அந்த முடிவுநாள் சித்திக்கு வந்தது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாவது வருடம் அவளுக்குக் கழுத்து வீங்கி, முகம் ஊதி, குரல் கம்மிப்போனது. சித்திரை வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வரும். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் தின்றாள். பிறகு சித்தப்பா அவளை ரயிலில் திருவனந்தபுரம் கூட்டிப்போனார். அங்கே வெறும் வயிற்றோடு படுக்கவைத்து, மூக்கை அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து மூச்சுவிடச் சொல்லி, அந்த மூச்சை அளந்து சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தார்களாம். எல்லாம் நார்மல் என்று காகிதம் வந்தது. கழுத்து வீக்கமும் வற்றியிருந்தது. குளிரும் அசதியும் கம்மிய குரலும் மட்டும் போகவில்லை.

"அப்போ எனக்கு ஏன் இப்படி நடுங்குது?" என்று சித்தி கேட்டாள்.

"காயிதத்துல நார்மல்னு போட்டிருக்குல்லா, பெறகென்ன நோவு? நாளைக்கே தலைய நனைச்சிருவோம்" என்றாள் அத்தை. அப்பாவுக்கே அக்கா அவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல சாரல். துணிமணிக்குக் காவலாக அத்தை கரையில் நின்றுகொண்டாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உள்ளே போனேன். அடேயப்பா, அந்தத் தண்ணீர்! முதுகில் அறைந்த அறையில் மூச்சே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சுற்றிலும் பெண்கள் 'ஓ'வென்று கத்தினார்கள்; அருவிக்குள் நின்றால் யாருக்கும் கத்தத்தான் தோன்றும். அப்போது சித்தியும் கத்தினாள். என் கையை விட்டுவிட்டு, குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளப் பாறையில் பதித்திருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, சொல் ஏதுமில்லாமல் கத்தினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய சத்தம் இவளுக்குள் எங்கே இருந்தது என்று அண்ணாந்து பார்த்து, வாய் நிறையத் தண்ணீர் குடித்தேன்.

வெளியே வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏட்டி, ஒங்க சித்தி எப்படிக் குளிச்சா?" என்று அத்தை என்னைத்தான் கேட்டாள்.

"சித்திதான் எல்லாரையும் விடச் சத்தமாக் கத்துனா அத்தை! அவ்வளவு சந்தோசம்!"

"கேட்டியாலே? நான் அப்பமே சொன்னம்லா" என்றாள் அத்தை, வண்டியடியில் நின்ற சித்தப்பாவிடம்.

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. தலையைத் துவட்டியபடி வண்டியில் ஏறிக்கொண்டாள். மறுநாள் கம்பளி பரணுக்குப் போயிற்று. விடிவதற்குள் எழுந்து, நடுங்கிக்கொண்டே அடுப்பு மூட்டினாள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நானோ பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலைப் பற்றி ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அழ அவளுக்கு அந்த அருவியை விட்டால் வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரியாது. அவள் பக்கம் பேச ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது, அது நான்தான் என்பதும் தெரியாது.